எல்லாம் தெரிந்த மாமாவுக்குப் பத்திரிகை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிப்டில் ஒருநாள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் வராது. அவ்வளவுதான். ஏன் வராது, குழாய் உடைந்ததா, யார் வீட்டில் உடைந்தது, சாயந்திரமாவது வருமா, ஒரு விவரமும் கிடையாது. நானும் மேல்தளத்துக்காரர் ஒருவரும் அந்தக் காகிதத்தையே பார்த்தபடி மேலே போனோம். "தண்ணி வராதாமே" என்று பேச்சை ஆரம்பிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய தளம் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை சொன்னபடி தண்ணீர் நின்றது, சொன்னபடி வந்தது. தேனியில் எங்கள் தெருவுக்கு இதே செய்தி வந்து சேர்வதற்குள் கூடவே இன்னொரு வீட்டு மோட்டார் திருட்டும், யார் வீட்டுக்கோ தனிக்குழாய் போட்ட கதையும், குழாய் ரிப்பேர்காரரின் மகள் படிப்பும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும்போது தண்ணீரே வந்திருக்கும்.

நான் இருப்பது பின்லாந்தில், தம்பரே என்கிற ஊரில். இங்கே வணக்கத்துக்கு 'மொய்' என்பார்கள். வந்த புதிதில் ஆபீஸ் வாசலில் ஆளாளுக்கு மொய் மொய் என்றபோது கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. கூட்டம் தொடங்கும்போது 'நோ நீன்', அதாவது 'சரி, அப்புறம்' என்பார்கள், முடியும்போதும் 'நோ நீன்' என்பார்கள். நடுவில் இருப்பதெல்லாம் திரையில் இருக்கும். தேவையான தகவல் தேவையான ஆளுக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது. அதைத் திரும்ப வாயால் சொல்வது, சாப்பிட்டு எழுந்தவரை மறுபடி இலைக்கு முன்னால் உட்கார வைப்பதைப் போல.

இதில் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். என்னுடன் வேலை செய்யும் பைவி எங்கள் கட்டடத்திலேயே இரண்டு தளம் மேலே இருக்கிறாள். ஒரு கோடையில் ஏரிக்கரையில் இருக்கும் தன் மரவீட்டுக்கு வரச்சொல்லி ஆபீஸ் காலண்டரில் அழைப்பு அனுப்பினாள். வருகிறேன், வரவில்லை, வரலாம் என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. நம்மில் யார் முதல் அழைப்பிலேயே 'வருகிறேன்' என்போம்? அலைகிறவள் மாதிரி இருக்காதா? 'வரலாம்' என்பதை அமுக்கிவிட்டு, நேரில் பார்க்கும்போது "கண்டிப்பா வந்துரு" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். புது வாளி நிறைய முறுக்குக்கூடச் சுட்டு வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க லிப்டில் பார்த்தாள், மொய் சொன்னாள், போனாள். நானும் போகவில்லை. திங்கட்கிழமை கேட்டபோது, "உனக்கு நிச்சயமில்லை என்று தெரிந்தது, அதனால் தொந்தரவு செய்யவில்லை" என்றாள். அவள் எனக்கு மரியாதை செய்ததாக நினைத்தாள், நான் அவமானப்பட்டதாக நினைத்தேன். முறுக்கை நானே தின்று தீர்த்தேன்.

எங்கள் நிறுவனம் சின்னது. செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், சுருக்குவது. ஓர் ஆபீஸில் ஒரு நாளில் வந்து குவிகிற மெயில், அரட்டை, அறிக்கை எல்லாவற்றையும் வாசித்து, இதில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான் என்று ஒரே பக்கத்தில் தரும் மென்பொருள். தகவல் வெள்ளத்தைப் பயனுள்ள அறிவாக மாற்றுவது எப்படி என்று ஹெல்சிங்கியில் ஒரு தொழில்நுட்ப மாநாடு நடக்கப்போவதாகவும், அதில் எங்கள் மென்பொருளைக் காட்டிப் பேசவேண்டியது நான் என்றும் முடிவானது. காட்டுவதற்கு ஒரு வெள்ளம் வேண்டும். பின்லாந்துக்காரர்களின் அரட்டைக் குழுக்களில் வாரத்துக்கு நாலு வரிகூடத் தேறாது. எனக்குச் சட்டென்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு நினைவுக்கு வந்தது.

அதன் பெயர் 'சொந்தபந்தம்'. விடியுமுன்னே தாமரைப்பூவும் காலை வணக்கமும் வந்து நிற்கும். அப்புறம் வைகை அணை நீர்மட்டம். அதை ஒருவர் போட்டால் போதாது, நாலு பேர் போடுவார்கள், நாலும் வேறு வேறாக இருக்கும். போடிச் சித்தப்பா ஏலக்காய் விலை போடுவார். கம்பத்தில் மழை என்று ஒருவர் சொன்னால், இங்கன தூறல்கூட இல்லை என்று மூன்று பேர் வருத்தப்படுவார்கள். சித்தியின் குரல் பதிவுகளில் பாதி குக்கர் விசில். இதற்கு நடுவில்தான் என் தங்கை கயலின் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள், சமையலுக்கு யார், பந்தலுக்கு யார் எல்லாம் அந்தப் பூக்களுக்கு அடியில் எங்கேயோ கிடக்கும். அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா போடு. நம்ம குடும்பம் பின்லாந்து வரைக்கும் போகட்டும்" என்றார். பெயர்களை மட்டும் மறைத்துக்கொண்டேன்.

மென்பொருள் தினமும் சுருக்கிய பக்கத்தைச் சோதனைக்காக அப்பாவுக்கும் அனுப்பினேன். அவருக்குத் தேனி பஜாரில் பம்புசெட் சாமான் கடை. எதையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்து மாட்டுகிறவருக்கு இது பிடித்துப்போனது. சாறு என்று பெயர் வைத்தார். காலையில் கடை திறந்ததும் "சாறு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீக்குச் சொல்வார். பக்கத்துக் கடைக்காரர்களிடம் காட்டி, எங்க குடும்பத்துப் பேச்சை எம் மக மிசின்ல போட்டுப் பிழிஞ்சு அனுப்புறா என்று பெருமை வேறு. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த வாரம் அது. பத்திரிகை வைக்கிற வேலை முழுக்க அப்பா கைக்கும் சித்தப்பா காருக்கும் வந்திருந்தது. சாற்றில் ஒரு பகுதி 'அழைப்பு நிலவரம்'. கல்யாண விவரம் தெரிந்தவர்களுக்கு நேராகப் பச்சை டிக் விழும். டிக் விழாத வீடுகளுக்குக் காரைத் திருப்பினால் போதும்.

மாநாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தகவல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிய மாநாட்டில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் பல பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். எதற்குள் போனாலும் மற்றதைத் தவறவிட்டோமே என்ற கவலை. மாநாட்டுச் செயலி என் பையில் சித்தி மாதிரி ஓயாமல் சத்தம் போட்டது. தோளில் மாட்டிவிட்ட துணிப்பை நிறையத் துண்டறிக்கைகள். பேசியவர்களில் பாதிப்பேர் ஒரே படத்தைக் காட்டினார்கள். ஒரு முக்கோணம், அடியில் தரவு, அதற்கு மேல் தகவல், அதற்கு மேல் அறிவு, உச்சியில் ஞானம். உச்சிக்கு ஏறியவர் யாரும் அன்று மேடைக்கு வரவில்லை.

என் முறை வந்தது. 'சொந்தபந்தம்' குழுவின் ஒரு நாளைத் திரையில் ஓடவிட்டேன். தாமரையும் அணை நீர்மட்டமும் குக்கர் விசிலும் அருவியாகக் கொட்டியபோது அந்த அரங்கத்தில் ஒரு பயம் பரவியதை நான் பார்த்தேன். பிறகு பொத்தானை அமுக்கினேன். ஒரே பக்கம். அதில் கடைசியாக ஓர் உதாரணத்தையும் காட்டினேன். 'மணமகளின் தாய்மாமன்: அனைத்து விவரமும் அறிந்தவர். முடிந்தது.' பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. யாரும் கை தட்டவில்லை. சொதப்பிவிட்டேன் என்று நினைத்து இறங்கப்போனேன், அப்புறம்தான் எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். நான் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேனா என்று உறுதிசெய்துகொள்ளக் காத்திருந்தார்களாம்.

காபி இடைவேளையில், ஏலக்காய் மணக்கும் புல்லா என்கிற பன்னைக் கையில் எடுத்தபோது அம்மாவின் போன் வந்தது.

"ஒங்க மாமா கல்யாணத்துக்கு வரலையாம்டி. மதினி இப்பத்தான் சொல்றாக."

"ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்காக. பத்திரிகை வைக்கலையாம்."

"மண்டபத்தப் பிடிச்சதே மாமாதானம்மா!"

"அதத்தான் ஒங்கப்பாவும் சொல்றாக. இன்னைக்கு அந்த மனுசன் கூட நான் பேசுறதா இல்ல."

அந்தப் பன்னை அப்படியே தட்டில் வைத்தேன்.

ஜெயமங்கலத்து மாமா அம்மாவின் ஒரே அண்ணன். வாழையும் நெல்லுமாக விவசாயம். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்தவர் அவர். பெரியகுளத்தில் மண்டபத்துக்கு அலைந்தவர், சமையல்காரரைப் பேசி முடித்தவர் எல்லாமே அவர்தான். கயல் பத்திரிகையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டபோது முதல் கட்டைவிரலும் அவருடையதே. இத்தனைக்கும் பிறகு எங்கள் மென்பொருள் அவருக்குப் பச்சை டிக் போடாமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமன் வீட்டுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் பூ வைத்து, குடும்பத்தோடு போய், "வாங்க" என்று வாயால் சொல்லவேண்டும். "அண்ணன் வீட்டுக்கு வச்சாச்சா?" என்று காய்ச்சலில் அம்மா கேட்டபோது அப்பா போனைப் பார்த்து "முடிஞ்சது" என்றிருக்கிறார். போனில் அப்படித்தான் இருந்தது.

நான் மாமாவைக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கீகளா மாமா?"

"நல்லா இருக்கேன் ஆத்தா. அங்கன குளுரு ஆரம்பிச்சிருச்சா?"

"கல்யாணத்துக்கு வரலன்னு சொன்னீகளாமே?"

"எந்தக் கல்யாணம்?"

"நம்ம கயல் கல்யாணம் மாமா."

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே." அதே மூச்சில், "ஒரு நிமிசம் இரு ஆத்தா, சமையக்காரன் லைன்ல வாரான். பந்திக்கு எல பத்தாதுங்கறான். நம்ம தோட்டத்துலருந்து ரெண்டு கட்டு சேத்து விடச் சொல்லிட்டு வாரேன்."

"எந்தக் கல்யாணத்துப் பந்திக்கு மாமா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? எல கேட்டாக, அனுப்புறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. மாமா இல்லாமல் கயலை மணமேடைக்கு அழைத்துப் போவது யார்? ஊர் வாயை விடுங்கள். தாத்தாவும் அம்மாச்சியும் போனபிறகு அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரே வாசல்தான். அது மூடிப்போனால் அம்மா வெளியே சொல்லமாட்டாள், ஆனால் மிச்ச காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

அப்பா பதறிப்போய் மறுநாளே தனியாகப் பத்திரிகையோடு போயிருக்கிறார். மாமா தண்ணீர் கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, "ஊருக்கெல்லாம் வச்ச மிச்சமா மாப்ள இது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பத்திரிகையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் போனில் பொரிந்து தள்ளினார். "நான் என்ன செய்ய? ஒன்னோட சாறுலதான பச்ச டிக்கு போட்டிருந்துச்சு? மச்சானுக்குத் தெரியாத விசயம் இந்தக் கல்யாணத்துல என்ன இருக்கு? மாப்ளயோட சட்ட அளவு வரைக்கும் அவுகளுக்குத் தெரியும்!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "சாமிக்கு மட்டும் தெரியாதாக்கும்? அதுக்கு மயிலாடும்பாறைக் கோயிலுக்குக் காரெடுத்துட்டுப் போயி வச்சீகள்ல?"

இதற்குப் பதில் ஹெல்சிங்கியில் முக்கோணம் காட்டியவர்களிடமும் இருந்திருக்காது.

எப்படியும் கல்யாணத்துக்கு வர டிக்கெட் போட்டிருந்தேன். தேனி வந்து பெட்டியைத் திறப்பதற்குள் அம்மா கிளம்பி நின்றாள். காய்ச்சலில் இளைத்துப்போயிருந்தாலும் பட்டுச்சேலையில் விறைப்பாக இருந்தாள். அப்பா, அம்மா, கயல், நான், சித்தப்பா கார். தட்டு என் மடியில். போகிற வழியெல்லாம் அப்பா, "திரும்ப மிச்சமான்னு கேட்டா என்ன சொல்றது?" என்று புலம்பிக்கொண்டே வந்தார். அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாமா வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். நாங்கள் இறங்கும்போது பந்தல்காரரிடம் சீரியல் பல்பு பச்சையா சிவப்பா என்று பேசிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தை உள்ளேயிருந்து வந்து எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை. அம்மா தட்டை என் கையிலிருந்து வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து அதன் மேல் வைத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் காய்ந்த குங்குமம்.

"அண்ணே, இது மிச்சமில்ல. கொலசாமி காலடியில வச்சு எடுத்துட்டு வந்த மொதப் பத்திரிகை. பூசையறையிலயே இருந்துச்சு. இன்னும் யாருக்கும் குடுக்கல."

மாமா பத்திரிகையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். எழுந்து நின்றார். ஆனால் அவ்வளவு லேசில் விட்டுவிட அவருக்கு மனமில்லை. அப்பாவைப் பார்த்து நின்றார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மச்சான், எம் மக கயல்விழிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

"அப்படியா! ரொம்பச் சந்தோசம். மாப்ள எந்த ஊரு?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சின்னமனூரு" என்றார்.

"என்ன வேல பாக்குறாக?"

"பேங்குல."

"மண்டபம் எங்கன?"

"பெரியகுளத்துல, மச்சான்."

"நல்ல மண்டபமா?"

"நல்ல மண்டபம்னுதான் சொன்னாக."

"யாரு சொன்னாக?"

"நீங்கதான் சொன்னீக" என்றார் அப்பா, அழாத குறையாக. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். கயல் சிரித்தேவிட்டாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் சொன்னீக மாப்ள. மண்டபத்தப் பாக்கச் சொன்னீக, சமையக்காரனப் பிடிக்கச் சொன்னீக, எல அனுப்பச் சொன்னீக. வாங்கன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல."

அப்பா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"வாங்க மச்சான். முகூர்த்தம் ஒம்பது மணிக்கு."

"ஒம்பதர மாப்ள" என்றார் மாமா, இரண்டு கையாலும் தட்டை வாங்கியபடி. அம்மா "அண்ணே" என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியாமல் அழுதாள். மாமா தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குக் கீழே வைக்க உள்ளே போனார். அத்தை அந்த இடைவெளியில் என் காதில் சொன்னார், மாமா கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி எடுத்து, சட்டையும் தைத்து வாங்கி ஒரு வாரம் ஆகிறதாம். தினமும் ஒருமுறை பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "நாம எங்க போகப் போறோம்" என்று மூடுவாராம்.

கல்யாணத்தன்று மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மைக்கைக்கூட ஒருமுறை வாங்கிவிட்டார். இலை மிஞ்சியது.

தம்பரே திரும்பியதும் மென்பொருளில் ஒரு மாற்றம் கேட்டேன். பச்சை டிக்குக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். தலைப்பு: 'நேரில் போய்ச் சொன்னது யார்?' இதை இயந்திரம் எப்படி நிரப்பும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். நிரப்பாது, யாராவது காரை எடுக்கவேண்டும் என்றேன். நீண்ட மௌனம். எனக்கு இப்போது அந்த மௌனத்தின் வகைகள் பிடிபடுகின்றன, இது யோசிக்கிற மௌனம். கடைசியில் அதை 'இந்தியப் பயனர்களுக்கு மட்டும்' என்ற பிரிவில் போட்டார்கள். நோ நீன் என்று கூட்டம் முடிந்தது.

தீபாவளி வந்தது. சில பேரைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று ஆபீஸ் காலண்டரில்தான் அழைப்பு அனுப்பினேன், இந்த ஊரில் அதுதான் முறை. பைவி உடனே 'வருகிறேன்' என்று அமுக்கினாள். வேலை முடிந்தது. ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சில்வர் தட்டை எடுத்தேன். வெற்றிலை இல்லை. ஆப்பிள், ஒரு புல்லா, அம்மா கொடுத்துவிட்ட குங்குமச் சிமிழ். லிப்டில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று படியில் ஏறினேன்.

பைவி கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள். "நான் வருகிறேன் என்று போட்டேனே, வரவில்லையா?"

"வந்தது."

"ஏதாவது மாறிவிட்டதா?"

"இல்லை. எல்லாம் அதேதான்."

"பிறகு?"

"உன்னிடம் சொல்ல வந்தேன்" என்றேன். இதை ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. ஒரு கால் அவள் வீட்டு மிதியடியில், ஒரு கால் நடைபாதையில், கையில் தட்டோடு நின்றேன். எங்கள் கட்டடத்தில் ஆள் அசையவில்லை என்றால் நடைபாதை விளக்கு தானாக அணைந்துவிடும். அணைந்தது. இரண்டு பேரும் இருட்டில் நின்றோம். மரவீட்டுக்கு நான் போகாத அந்தக் கோடை அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவள் கையை மேலே தூக்கி ஆட்டினாள், விளக்கு வந்தது. பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

காலண்டரில் மணி இருந்தது. அவள் அதைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டிருந்தாள். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.